பெட்ஸெட்: நின்றது சுவர், நின்றுபோனது இயந்திரம்

தெற்கு லண்டனின் சட்டன் வட்டாரத்தில் ஹாக்பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ரயில் நிலையம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், வரிசையாக மூன்று மாடிக் கட்டடங்கள். ஒவ்வொன்றின் கூரையிலும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பளிச்சிடும் வண்ணத்தில் பெரிய தொப்பிகள், காற்று அடிக்கிற திசைக்கு ஏற்ப மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். இதுதான் பெடிங்டன் ஜீரோ எனர்ஜி டெவலப்மென்ட். நீளமான பெயர் என்பதால் எல்லோரும் பெட்ஸெட் என்பார்கள். 2000-இல் வேலை தொடங்கி, 2002-இல் முதல் குடும்பங்கள் குடிவந்தன. சுமார் 100 வீடுகள், சுமார் 2,500 சதுர மீட்டர் அலுவலக இடம், மொத்த நிலம் 1.7 ஹெக்டேர், அதாவது நான்கு ஏக்கருக்குச் சற்று அதிகம்.

பசுமைக் கட்டடம் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் இந்தக் கூரைத் தொப்பிகளின் படம் ஒரு ஸ்லைடில் வந்துவிடும். 2003-இல் பெட்ஸெட் பிரிட்டனின் கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. படத்தைக் காட்டுபவர்கள் பெரும்பாலும் 2002-ஓடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். பெட்ஸெட்டில் அசையாமல் நின்ற பொருள்கள், அதாவது சுவர், ஜன்னல், கட்டடம் பார்த்து நிற்கும் திசை, குழாய், பார்க்கிங் கணக்கு எல்லாம் பெரும்பாலும் சொன்ன வேலையைச் செய்தன. தினமும் ஒருவர் கவனித்து ஓட்டவேண்டிய இரண்டு இயந்திரங்கள் இருந்தன. இரண்டும் சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டன.

நிலமும் ஆட்களும்

இடம் ஒரு காலத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தோடு சேர்ந்திருந்த தரிசு. சட்டன் கவுன்சிலுக்குச் சொந்தமானது. பொது நிலத்தை விற்கும்போது அதிகத் தொகை கேட்டவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம். இங்கே கவுன்சில் அப்படிச் செய்யவில்லை. சுற்றுச்சூழலுக்குக் கிடைக்கப்போகும் நன்மையையும் விலையின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பீபடி அறக்கட்டளைக்கு விற்றது. என் கணக்கில் இந்தத் திட்டத்தின் துணிச்சலான முடிவு இதுதான். கூரையில் என்ன வைக்கிறோம் என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி. நிலவிலை கையை மீறியிருந்தால் ஒரு அடி தடிமன் வெப்பக் காப்புப் பொருளுக்குக் காசு ஏது?

பீபடி 1862-இல் அமெரிக்க வங்கியாளர் ஜார்ஜ் பீபடி லண்டன் ஏழைகளுக்கு வீடு கட்டித்தருவதற்காகத் தொடங்கிய பழைய அமைப்பு. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் பில் டன்ஸ்டர். பொறியியல் பக்கத்தை ஆரப் நிறுவனம் பார்த்துக்கொண்டது. இவர்களையெல்லாம் ஒன்றுசேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது பயோரீஜனல் என்ற தொண்டு நிறுவனம். அதை 1994-இல் தொடங்கிய பூரன் தேசாயும் சூ ரிடில்ஸ்டோனும் அலுவலகத்தையே இந்தக் குடியிருப்புக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். தேசாய் அங்கேயே குடியும் இருந்தார்.

டன்ஸ்டருக்கும் இது முதல் முயற்சி அல்ல. 1995-இல் ஈஸ்ட் மோல்சியில் தன் குடும்பத்துக்குக் கட்டிய ஹோப் ஹவுஸ் என்ற வீட்டில் இதே கண்ணாடி அறை, கனமான சுவர் யோசனைகளைப் போட்டுப் பார்த்திருந்தார். அங்கே ஒரு வீடு, இங்கே நூறு வீடு.

வீடுகளில் ஒரு பகுதி குறைந்த வாடகைக்கு, ஒரு பகுதி கொஞ்சம் வாங்கி மீதிக்கு வாடகை கட்டும் முறையில், மற்றவை நேரடி விற்பனைக்கு. விற்பனைக்கு வந்தவை அக்கம்பக்கத்து ஒத்த வீடுகளைவிடக் கூடுதல் விலைக்குப் போயின. கட்டிய செலவும் பீபடியின் வழக்கமான செலவைவிட நன்றாகவே கூடியது. இந்த இரண்டாவது தகவலை விளம்பரப் பேச்சுகளில் கேட்பது அபூர்வம்.

ஒரு அடி தடிமன்

வடிவமைப்பின் அடிப்படைக் கணக்கு எளிது. வீட்டை ஒரு ஃபிளாஸ்க் மாதிரி கட்டிவிட்டால், உள்ளே இருக்கிற ஆட்களின் உடல் சூடு, சமையல், டிவி, விளக்கு, கூடவே கண்ணாடி வழியாக வரும் வெயில், இவையே குளிர்காலத்துக்குப் பெரும்பாலும் போதும். அப்படியானால் அறைக்கு அறை ரேடியேட்டர் வேண்டாம். அதில் மிச்சமாகும் பணத்தைச் சுவரில் போடலாம்.

சுவரை வெட்டிப் பார்த்தால் வெளியே செங்கல், நடுவே 300 மில்லிமீட்டர் ராக்வுல், அதாவது பாறையை உருக்கி நூற்ற பஞ்சு, உள்ளே கனமான கான்கிரீட் கல். தரைக்கு அடியிலும் கூரையிலும் அதே 300 மில்லிமீட்டர் காப்பு. ஜன்னல்களில் மூன்றடுக்குக் கண்ணாடி. காப்பு வெளிப்பக்கமும் கனம் உள்பக்கமும் இருப்பது முக்கியம். உள்ளே இருக்கும் கான்கிரீட் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெதுவாக விடும். அதனால்தான் கூரையின் கான்கிரீட்டை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்காமல் விட்டார்கள்.

எல்லா வீடும் தெற்கு பார்த்தது. வாஸ்து காரணம் எதுவும் இல்லை. லண்டன் இருக்கும் அட்சரேகையில் டிசம்பர் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி அளவுக்குத்தான் ஏறும், அதுவும் தெற்கில். அந்த வெயிலைப் பிடிக்க ஒவ்வொரு வீட்டுக்கும் தெற்குப் பக்கம் ஒரு கண்ணாடி அறை. கண்ணாடியின் ஒரு பகுதியிலேயே சூரிய மின் தகடுகளைப் பதித்துவிட்டார்கள். அலுவலகங்கள் வடக்குப் பக்கம். ஆளும் கம்ப்யூட்டரும் நிறைந்த அலுவலகத்துக்குச் சூடு தேவையில்லை, குளுமைதான் தேவை. அந்த அலுவலகக் கூரைகளை மண் போட்டுத் தோட்டமாக்கி, மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு சின்ன நடைபாலத்தோடு கொடுத்தார்கள். நான்கு ஏக்கரில் நூறு வீடு, அலுவலகம், பெரும்பாலான வீட்டுக்கு ஒரு துண்டு தோட்டம் என்று நெருக்கியும் திணறாமல் வைத்தது நல்ல கைவேலை.

அப்புறம் அந்தத் தொப்பிகள். காற்றுப் புகாமல் இவ்வளவு இறுக்கமாகக் கட்டினால் உள்ளே மூச்சு முட்டும், பூஞ்சை பிடிக்கும். மின்விசிறி வைத்தால் மின்சாரம் போகும். தொப்பியின் வால் காற்றைப் பார்த்துத் திரும்ப, ஒரு வாய் புதுக் காற்றை உள்ளே தள்ளுகிறது, இன்னொரு வாய் பழைய காற்றை வெளியே இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் கடந்துபோகும்போது, வெளியேறும் காற்றின் சூடு உள்ளே வரும் காற்றுக்கு ஏறிவிடுகிறது. நல்ல நிலையில் 70 சதவீதம் வரை மீட்கலாம் என்பது வடிவமைத்தவர்கள் சொன்ன கணக்கு. மின்சாரமே இல்லை. இதுவும் அசைகிற பொருள்தானே என்று கேட்கலாம். அசையும். ஆனால் அதை ஓட்ட ஆள் வேண்டாம், எரிபொருள் வேண்டாம். நான் பிரிக்கிற கோடு அங்கேதான் இருக்கிறது.

கட்டுமானப் பொருள்களை வாங்கிய விதமும் சொல்லத் தக்கது. எடையில் பாதிக்கு மேல், 52 சதவீதம், 35 மைல் தூரத்துக்குள்ளிருந்து வந்தது. எஃகுச் சட்டங்களில் பெரும்பகுதி பழையது, பிரைட்டன் ரயில் நிலையப் புதுப்பிப்பில் கழற்றியவை உட்பட. வெளிப்புறப் பலகைக்கு அருகிலிருந்த காடுகளின் ஓக். பழைய எஃகைத் தேடி, சோதித்து, அதன் நீளத்துக்கு ஏற்ப வரைபடத்தைத் திருத்தி வேலை செய்வதற்கு ஒரு ஒப்பந்தக்காரர் சம்மதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கட்டட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சுவர் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. கோடையில் புழுக்கம் என்று குடியிருப்போர் பலர் சொன்னார்கள். கண்ணாடி அறைக்கும் உள் அறைக்கும் நடுவே இருக்கும் கதவைக் குளிர்காலத்தில் எப்போது திறப்பது, கோடையில் எப்போது மூடுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை வசதியான கூடுதல் அறையாக வைத்துக்கொண்டவர்களுக்குக் கணக்கு தப்பியது. லண்டன் கோடையும் அப்போதிருந்து சூடேறிக்கொண்டே போகிறது. சென்னையில் இந்தக் கண்ணாடி அறையை அப்படியே கட்டினால் வத்தல் காயவைக்கலாம். இங்கிருந்து படம் பார்த்து வரைபவர்கள் கவனிக்க வேண்டியது அறையை அல்ல, திசையை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை யோசித்த வரிசையை.

மரச்சீவல் இயந்திரம்

இனி தோற்ற கதை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் யோசனை முட்டாள்தனமானது அல்ல.

வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை என்றானபின் மிஞ்சுவது குளிக்க, பாத்திரம் கழுவ வெந்நீர். அந்தத் தேவை கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒவ்வொரு வீட்டின் நடுவிலும் ஒரு அலமாரிக்குள் பெரிய வெந்நீர்த் தொட்டி வைத்தார்கள். மத்திய இயந்திரத்திலிருந்து குழாய் வழியாக அது இரவு பகலாக மெல்ல மெல்லச் சூடேறும். ரொம்பக் குளிர்கிற நாளில் அலமாரிக் கதவைத் திறந்துவிட்டால் அந்தச் சூடே வீட்டுக்கு உதவும். ஆக, காலை ஏழு மணிக்கு எல்லோரும் குளித்தாலும் இயந்திரத்துக்குத் திடீர்ச் சுமை கிடையாது. சீராக ஓடுகிற சின்ன இயந்திரம் போதும். மின்சாரமும் சூடும் ஒன்றாகத் தருகிற இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர் இல்லை.

எரிபொருள், லண்டன் தெருமரங்களையும் பூங்கா மரங்களையும் வெட்டிச் செதுக்கும்போது கிடைக்கும் கழிவுச் சீவல். சீவலை நேராக எரிப்பதில்லை. காற்றை அளந்து கொடுத்து அரைகுறையாகக் கருக்கினால் எரியக்கூடிய ஒரு வாயு வரும். அதை வடிகட்டி, ஒரு எஞ்சினுக்குக் கொடுத்து, ஜெனரேட்டரைச் சுற்றவைத்து, எஞ்சினின் சூட்டில் தண்ணீர் காய்ச்சுவது. மின் திறன் 130 கிலோவாட்.

பிரச்சினை அந்த வாயுவில் கலந்து வரும் தார். சூடாக இருக்கும்வரை வாயுவோடு போய்விடும். குளிர்ந்தால் குழாய் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும், அடைக்கும். இந்த மாதிரி இயந்திரம் நிற்காமல் ஓடுவதற்கென்று வடிவமைக்கப்படுவது. ஆனால் வீடுகளுக்கு நடுவே இருப்பதால் இரவில் நிறுத்த வேண்டியிருந்தது. தினமும் நிறுத்தினால் தினமும் குளிரும். தினமும் குளிர்ந்தால் தார். போதாததற்குச் சாம்பலைத் தானாக வெளியே தள்ளும் பொறி போன்ற துணைப்பாகங்களும் ஆளில்லாமல் நம்பிக்கையாக ஓடும் அளவுக்குத் தேறவில்லை. இந்த அளவில் இப்படி ஒரு இயந்திரம் அன்று கடையில் வாங்கும் பொருள் அல்ல, கிட்டத்தட்ட சோதனைக்கூடப் பொருள். 2005-இல் நின்றது. அதை இயக்கிவந்த நிறுவனமும் தொழிலை விட்டுப் போனது. அதோடு அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகளும் போயின.

பிறகு சாதாரண எரிவாயுக் கொதிகலன்கள் வேலையை எடுத்துக்கொண்டன. மின்சாரம் ஊர் இணைப்பிலிருந்து. பெயரில் இருந்த ஜீரோ அன்றே போயிற்று.

ஆனால் இங்கேதான் சுவரின் அருமை தெரிகிறது. எரிபொருளை மரத்திலிருந்து எரிவாயுவுக்கு மாற்றியபோதும், தேவையே குறைவு என்பதால் எரிந்த எரிவாயுவும் குறைவு. வரிசை தலைகீழாக இருந்திருந்தால், அதாவது அற்புதமான இயந்திரம் வாங்கி ஓட்டைச் சுவருக்குள் வைத்திருந்தால், இயந்திரம் நின்ற அன்றே எல்லாம் போயிருக்கும்.

பச்சைத் தண்ணீர்

இரண்டாவது இயந்திரத்துக்கு லிவிங் மெஷின் என்று பெயர். கண்ணாடிக் கூடத்துக்குள் தொட்டிகள், தொட்டிகளில் செடிகள், வேர்களில் நுண்ணுயிர்கள். வீடுகளின் கழிவுநீர் தொட்டி தொட்டியாக நகர்ந்து, கடைசியில் புற ஊதா ஒளியில் கிருமி நீங்கி, திரும்பக் கழிப்பறைக்கே போகும். குடிநீரோடு குழம்பிவிடக்கூடாது என்பதற்காக அதில் பச்சைச் சாயம் கலந்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு இதுதான் பிடித்த இடம். கழிவுநீரில் செடி வளர்வதைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும்.

தண்ணீர் எதிர்பார்த்த தரத்துக்குத் தொடர்ந்து தேறவில்லை. அதைவிடப் பெரிய இடி, செலவு. பம்புகள், காற்றடிப்பு, புற ஊதா விளக்கு எல்லாம் மின்சாரம் தின்றன. ஊர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒரு லிட்டருக்குச் செலவழிப்பதைவிட இது அதிகம் செலவழித்தது. கவனித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அவர் சம்பளத்தை லட்சம் வீடுகள் பகிர்ந்தால் ஒன்றும் தெரியாது, நூறு வீடுகள் பகிர்ந்தால் தெரியும். சென்னையில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் ஒருமுறை செயலாளராக இருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எஸ்டிபி (குடியிருப்பின் சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) என்ற மூன்றெழுத்து போதும்.

லிவிங் மெஷினும் நின்றபின், தேம்ஸ் வாட்டர் நிறுவனம் சவ்வு வடிகட்டி கொண்ட வேறொரு சுத்திகரிப்பு முறையைச் சில காலம் ஆராய்ச்சிக்காக அங்கே நடத்தியது. தரம் சரியாக வந்தது, மின்செலவு சரியாக வரவில்லை. அதுவும் நின்றது.

இதற்கு நடுவே, யாரும் பார்க்க வராத பொருள்கள் அமைதியாக வேலை செய்தன. தண்ணீர் குறைவாகக் கொட்டும் குழாய் முனைகள், இரட்டை ஃப்ளஷ் கழிப்பறை, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் துணி துவைக்கும் இயந்திரம். மீட்டரைப் படிக்கட்டுக்கு அடியில் இருட்டில் ஒளிக்காமல் கண்ணில் படும் இடத்தில் வைத்தார்கள். கெட்டில் போட்டால் முள் எப்படி ஓடுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். 2007-இல் அளந்தபோது ஒரு ஆள் ஒரு நாளைக்குக் குழாய்நீர் 72 லிட்டர், மறுசுழற்சி நீரும் மழைநீருமாக 15 லிட்டர் செலவழித்தார். பிரிட்டனில் சாதாரணமாக 150 லிட்டர் அளவில் ஆகும். அதாவது சேமிப்பின் பெரும்பங்கு குழாய் முனையில் நடந்தது. புகைப்படத்துக்கு வந்த இயந்திரம் சேர்த்தது அந்த 15-இல் ஒரு பகுதிதான்.

காரும் மின் தகடும்

கூரையிலும் கண்ணாடியிலுமாக 777 சதுர மீட்டர் சூரிய மின் தகடுகள். முதல் திட்டம் அந்த மின்சாரத்தை வீட்டுக்குக் கொடுப்பது அல்ல, 40 மின்சாரக் கார்களை ஓட்டுவது. 2002-இல் சாலையில் பெட்ரோலுக்கு இருந்த வரியைப் பார்த்தால் அந்தக் கணக்கு நியாயம், பெட்ரோலை மிச்சப்படுத்தினால்தான் தகட்டின் விலை சீக்கிரம் திரும்பும். ஆனால் வாங்குவதற்கு ஒழுங்கான மின்சாரக் கார் அன்று சந்தையிலேயே இல்லை. மின்சாரம் வீடுகளுக்கும் ஊர் இணைப்புக்கும் போயிற்று. குடியிருப்பின் மின் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அது ஈடுகொடுத்தது. இருபது ஆண்டு முந்திய யோசனை என்று இதைச் சொல்லலாம். முந்திப் போனதும் ஒரு வகைப் பிசகுதான், ஆனால் தகடு சும்மா கிடக்கவில்லை. வேறு வேலைக்குத் திருப்ப முடிந்தது. மரச்சீவல் இயந்திரத்தை அப்படித் திருப்ப முடியவில்லை.

காரைக் குறைத்தது மின் தகடு அல்ல, பார்க்கிங். திட்ட அனுமதியின்போதே போக்குவரத்துத் திட்டம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக எழுதப்பட்டது. வீட்டுக்கு ஒரு பார்க்கிங் இடம்கூடத் தேறாது. அதற்குப் பதிலாக, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் கார் மன்றம், சைக்கிள் நிறுத்துமிடம், நடக்கிற தூரத்தில் ரயில். வீட்டுக்குக் கீழேயே வேலை செய்ய இடம். 2007 கணக்கில் பெட்ஸெட் வாசி ஒருவரின் கார் ஓட்டம் ஆண்டுக்கு 2,318 கிலோமீட்டர், நாட்டின் சராசரியைவிட 64 சதவீதம் குறைவு. கார் வைத்திருப்பவர்கள் பக்கத்துத் தெருக்களில் நிறுத்தியதும் உண்டு. எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

கணக்கு எங்கே முட்டியது

அதே அளவீட்டில் வீட்டைச் சூடாக்கும் செலவு சட்டன் சராசரியைவிட 81 சதவீதம் குறைவு, மின்சாரம் 45 சதவீதம் குறைவு. இன்னொரு எண் எனக்குப் பிடித்தது. இங்கே குடியிருப்பவர் சராசரியாக 20 அக்கம்பக்கத்தாரைப் பெயர் சொல்லி அறிவார், சுற்றுவட்டாரத்தில் இது 8. கார் வராத நடைபாதை, குழந்தைகள் விளையாடும் சதுக்கம், எதிரெதிர் தோட்டங்கள் எல்லாம் இதற்குக் காரணமாக இருக்கலாம். மரச்சீவல் இயந்திரம் நின்றதற்கு எல்லோரும் சேர்ந்து புலம்பியதற்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு ஒரு பெட்ஸெட் வாசி பூமியின் மீது வைக்கும் பாரம் எவ்வளவு குறைந்தது? இதை பயோரீஜனல் தானே அளந்து தானே வெளியிட்டது, அதற்காக அவர்களைப் பாராட்டலாம். உலகில் எல்லோரும் சட்டன்வாசி சராசரியாக வாழ்வதுபோல் வாழ்ந்தால் ஏறக்குறைய மூன்று பூமி வேண்டும். சராசரி பெட்ஸெட் வாசிபோல் வாழ்ந்தால் 2.6 பூமி. ரொம்ப அக்கறையாக வாழ்பவர் என்றால் 1.7.

மூன்றிலிருந்து 2.6. சூட்டுச் செலவில் 81 சதவீதம் குறைத்த வீட்டுக்கு இது சப்பென்ற முடிவாகத் தெரியும். ஆனால் வீடு என்பது ஒருவரின் மொத்தச் செலவில் ஒரு துண்டுதான். சாப்பாடு, துணிமணி, போன், விமானம், அப்புறம் அவர் பெயரில் நாடு கட்டும் மருத்துவமனை, சாலை, பள்ளி எல்லாம் வாசலுக்கு வெளியே. பெட்ஸெட்காரர்களின் விமானப் பயணம் அக்கம்பக்கத்தைவிடக் குறையவில்லை. நடுத்தர வர்க்கத்துப் படித்தவர்கள் ஆர்வமாக வந்து வாங்கிய இடம் அது. காரை விற்றுவிட்டுச் சைக்கிளில் போகிறவர் கோடை விடுமுறைக்குப் பறக்கத்தான் செய்தார். ஒரு கட்டடக் கலைஞர் அதற்கு என்ன செய்ய முடியும்? ஆகவே பெட்ஸெட்டைத் தோல்வி என்று எழுதுபவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. அது தன் வாசல்வரை சொன்னதைப் பெரும்பாலும் செய்தது.

வட்டாரம் தனியாக எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இன்னொரு காட்சியும் அங்கேயே உண்டு. பெட்ஸெட்டிலிருந்து சிறிது தூரத்தில், அதே பெடிங்டன் வெளியில், சட்டன், குரொய்டன், மெர்டன், கிங்ஸ்டன் கவுன்சில்களின் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் பெரிய ஆலை வந்துவிட்டது. வட்டாரத்தில் கடும் எதிர்ப்பு இருந்தது, நீதிமன்றம்வரை போனார்கள், நிற்கவில்லை. மிட்சம், குரொய்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேரின் குப்பையும் அங்கேதான் போகிறது. பெட்ஸெட் சமையலறையில் கண்ணாடிக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று, மக்குவதற்கு ஒன்று என்று பிரித்துவைத்த குப்பைக் கூடைகளுக்கு அருகிலேயே நான்கு கவுன்சில்களின் பிரியாத மிச்சம் எரிகிறது. அந்த ஆலையின் சூட்டைக் குழாய் வழியாக ஹாக்பிரிட்ஜில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்குக் கொண்டுபோகும் வலையமைப்பையும் சட்டன் கவுன்சில் தொடங்கியது. நூறு வீட்டுக்குச் சின்ன இயந்திரம் என்ற கணக்கு கைகொடுக்காத அதே ஊரில், வட்டாரம் முழுமைக்கும் பெரிய ஒன்று என்ற கணக்கு வந்திருக்கிறது. எரிபொருள் என்ன என்பதில்தான் சண்டை.

அடுத்து வந்தவை

பெட்ஸெட் அனுபவத்திலிருந்துதான் பயோரீஜனலும் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து ஒன் பிளானெட் லிவிங் என்ற பத்துக் கொள்கைகளை எழுதின. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் ஏலத்தில்கூட அது இடம்பிடித்தது. 2006-இல் பிரிட்டிஷ் அரசு, 2016-லிருந்து கட்டப்படும் எல்லாப் புது வீடும் கார்பன் வெளியிடாததாக இருக்க வேண்டும் என்று அறிவித்தது. பத்து ஆண்டு அவகாசம் கொடுத்து, கட்டுமான நிறுவனங்களெல்லாம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், 2015-இல் இன்னொரு அரசு அதைக் கைவிட்டது. பெட்ஸெட்டின் இரண்டு இயந்திரங்களும் நின்றதைவிட இந்த ஒரு அறிவிப்பு நின்றதால் இழந்தது எத்தனையோ மடங்கு அதிகம்.

பயோரீஜனல் அடுத்துக் கூட்டுச் சேர்ந்து கட்டியது பிரைட்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒன் பிரைட்டன், 172 வீடுகள். பெட்ஸெட்டுக்கு எஃகு கழற்றிக் கொடுத்த அதே நிலையம். அதன் பட்டியலைப் பெட்ஸெட் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் யார் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று தெரியும். தடித்த காப்பு இருக்கிறது. தனியார் பார்க்கிங் அநேகமாகக் கிடையாது, கார் மன்றம் உண்டு. கூரையில் காய்கறிப் பாத்திகள் உண்டு. மழைநீர்த் தொட்டி உண்டு. மரத்தில் எரியும் கொதிகலன் உண்டு, ஆனால் அது மின்சாரம் எடுக்க முயலவில்லை, வெந்நீர் மட்டும்தான், துணைக்கு எரிவாயு. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செடித்தொட்டி இல்லை. பெட்ஸெட்டில் இல்லாத ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது: கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளவும் குடிவருபவர்களுக்கு எதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்கவும் சம்பளத்துக்கு ஒரு பராமரிப்பாளர்.